அடியில் வைத்த பிளேடு

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நீ கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டே என்னிடம் ஒன்று சொன்னாய். "அம்மா, இந்த ரேசர்ல ஒத்த பிளேடு போட்டா சும்மா தடவிட்டுப் போயிருது. பழைய பிளேடு ஒண்ணோட ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டு அடியில வச்சு, அதுக்கு மேல புதுசு ஒண்ண வச்சுப் பாரு, அப்படியே ஏறிப் பிடிக்குது. நெட்டுல ஒரு வெள்ளக்காரன் சொல்லிக் குடுத்தான்" என்றாய். நீ அதை அப்போதே மறந்திருப்பாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு உன் கையில் இருந்த ரேசரையே பார்த்தேன். எனக்கு அதை எந்த வெள்ளைக்காரனும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால், இதே ரேசரில், நானே கண்டுபிடித்தேன். யாருடைய முகத்துக்காகக் கண்டுபிடித்தேன், கடைசியில் அது யாருடைய முகத்தில் ஏறியது என்பதை உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடக் குனிந்துகொண்டு சொல்கிறவள் நான். அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்குப் பெட்டியைக் குடைந்தபோது அந்த ரேசர் உன் கையில் கிடைத்தது. நான் அதை எப்போதோ தூக்கிப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. உன் அப்பாவைப் பெற்றவருக்கு டவுன் ஜவுளிக்கடை பாய் ஒருவர் சவுதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அடியில் இருக்கும் குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவும் திறந்துகொள்ளும். நீ அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினாய். வேலைக்கு ஓசூர் திரும்பிப் போனதும் உலகத்தில் இருக்கிற பிளேடுகளை எல்லாம் வரவழைக்க ஆரம்பித்தாய். ரஷ்யாவில் செய்தது, ஜப்பானில் செய்தது, எகிப்தில் செய்தது, ஒரு பக்கம் மட்டும் வெட்டுவது என்று பொட்டலம் பொட்டலமாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு எனக்குப் படம் அனுப்பினாய். நல்ல பொழுதுபோக்குதான் என்று நினைத்தேன். கூட்டாளிகளோடு குடிக்கப் போவதற்கு இது தேவலை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சவரம் செய்தது பொழுதுபோக்குக்காக இல்லை. உனக்கு நிச்சயம் செய்திருக்கிற பவித்ராவைப் பத்து மணி பஸ்ஸுக்கு நரிக்குடியிலிருந்து வரச் சொல்லியிருந்தாய். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கு, நான் வண்டியோடு நிற்கிறேன், கல்யாணப் பத்திரிகை பார்க்கப் போகலாம் என்று சொல்லியிருந்தாய். பதினொன்றரைக்கு என் போன் அடித்தது, எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டேன். "அத்தை, அவுகளுக்கு ஒண்ணும் இல்லைல்ல? போனு ஆஃப்ல இருக்கு. நான் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன், வர்ற வழியில வண்டி கிண்டி..." என்று அந்தப் பெண் அழாத குறையாகக் கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். முகம் முழுக்க நுரையோடு நீ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாய், சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை. "தூங்குறாம்மா, காய்ச்சல் மாதிரி இருக்கு" என்று பொய் சொன்னேன். அந்த வெயிலில் அவள் அதற்கும் பதறினாள். "மாத்திரை குடுத்தீகளா அத்தை? நான் வேணா வாங்கிட்டு வரவா?" என்றாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பிள்ளை, அவளுக்கு முதலில் தோன்றியது மாத்திரை. வேண்டாம் என்று நான் போனை வைத்தபோது நீ தாடையைத் தூக்கிப் பிடித்து, கழுத்தடியை நிதானமாக மழித்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்யா இப்படிப் பண்ற?" என்றேன். நீ சிரித்தாய். "முந்தின வாரம் சேலை எடுக்கப் போனப்ப என்ன சொன்னா தெரியுமா? 'ஒங்களுக்குக் கலரே தெரியல, பேசாம உக்காருங்க, அத்தை பாத்துக்கிருவாக'ன்னு அத்தன பேர் முன்னாடி சொன்னா. கடைக்காரப் பயலுக எல்லாம் சிரிச்சானுக. நிக்கட்டும் கொஞ்ச நேரம்" என்றாய். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீ சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. "நான் ஒரு வார்த்தை பேசுனேனா? கை நீட்டுனேனா? அந்த ஆளு மாதிரியா நான்? நான் ஒன்னைய மாதிரிம்மா. அமைதி" என்றாய்.

என்னை மாதிரி என்று நீ சொன்னது சரி. எவ்வளவு சரி என்று உனக்குத் தெரியாது.

உன் அப்பா அடிப்பார் என்பது உனக்குத் தெரியும். முதல் அடி உனக்குத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பொட்டப்பிள்ளை தினமும் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போவதை வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்ப்பார்கள். கல்யாணமாகி மூன்றாவது மாதம், விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிற நிலத்துக்கு ஏதோ ஒரு மனு கொடுக்க உன் அப்பா என்னையும் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனார். அவர் கையெழுத்துப் போடப் போன தாளில் சர்வே எண் தப்பாக இருந்தது. "ஏங்க, இது நம்ம எடம் இல்லைங்க" என்று மெதுவாகத்தான் சொன்னேன். நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டு, "பரவாயில்லையே, வீட்டம்மா வெவரமா இருக்காகளே, நீரு சும்மா வந்தீரா?" என்றார். உன் அப்பாவும் சிரித்தார். வெளியே வந்து, வண்டி நிறுத்தியிருந்த புளியமரத்தடியில், பத்திருபது பேர் பார்க்க, என் இடது காதோடு சேர்த்து அறைந்தார். காதுக்குள் ஏதோ கிழிந்த சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்கு ஆரம்பித்த விசில் இன்னும் நிற்கவில்லை. இடப்பக்கம் நின்று நீ பேசினால் நான் திரும்பிப் பார்ப்பது அதனால்தான். "டிகிரிய எங்கிட்டக் காட்டாத" என்று சொல்லிவிட்டு, அதே வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். கீழே விழாமல் இருக்க அவர் தோளைத்தான் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை அடுக்க மாட்டேன். முழங்கையில் அரிவாள் பிடி. முடியைப் பிடித்து முற்றத்தில் இழுத்தது. நீ வயிற்றில் இருந்தபோது இடுப்பில் ஒரு உதை. உன்னையும் அடித்தார். ஆனால் உன்னை அடிக்கும்போது கையில் எடுத்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையால் அடிப்பார், எனக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் "பொறுமைன்னா அவ பொறுமைதான்" என்று என்னைப் புகழ்ந்தார்கள். நீயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய்.

கரிமூட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தாடி ஆகாது. சீமைக்கருவேலங்கட்டைகளை அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே நாள்கணக்கில் புகைய விடும்போது கரித்தூள் தாடிக்குள் இறங்கி அரித்துப் பிடுங்கும். அதனால் உன் அப்பா ஒன்றுவிட்டு ஒருநாள் சவரம் செய்வார். முள் குத்தியும் சூடு பட்டும் அவர் விரல்கள் தடித்துப்போய், மெல்லிய பிளேடைப் பிடிக்க வராது. வெந்நீர் வைப்பது, கண்ணாடியை ஆணியில் மாட்டுவது, ரேசரைத் திறந்து பிளேடு போட்டு மூடி வைப்பது எல்லாம் என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தன்னை இத்தனை வருடம் வெறுத்தவள் கையில் அவர் தன் கழுத்தைக் கொடுத்துவைத்திருந்தார். எனக்கே அது வெகுநாள் தோன்றவில்லை.

தோன்றியது ஒரு தற்செயலில். ரவிக்கைத் தையல் பிரித்த பிளேடை மறந்துபோய் ரேசரில் போட்டுவிட்டேன். மொண்ணை பிளேடு முடியைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் இரண்டு இடத்தில் ரத்தம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பிளேடு செய்தவனைத் திட்டினார். ரத்தத்தை நிறுத்த நான் படிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்து பார்த்தால், என் முகத்தில் சிரிப்பு இருந்தது. பல வருடமாக இல்லாத சிரிப்பு.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆய்வக நோட்டில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போடச் சொல்லுவார்கள். நான் அதில் நல்ல மதிப்பெண் வாங்கினவள். நோட்டில் எழுதவில்லையே தவிர, ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன். ஆட்டுக்குட்டிகளுக்கு நம் வீட்டு அடையாளமாகக் காதில் வெட்டுப் போட்ட பிளேடைக் கழுவாமல் போட்டேன். கன்னம் வீங்கிச் சீழ் கோத்து, ஒரு வாரம் ஒரு பக்கமாகத்தான் சோறு தின்றார். அம்மியில் ஓரத்தை லேசாக உரசிய பிளேடு கழுத்தடியில் கோடு கோடாகக் கிழித்தது. அன்றைக்கு, மட்டமான பிளேடு வாங்கினாய் என்று வெந்நீர்ச் செம்பால் என் தோளில் அடித்தார். அடி கூடியதே தவிரக் குறையவில்லை. நான் நிறுத்தவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் "ஐயையோ, பாத்துப் போடுங்க" என்று ஓடிப்போய்ப் படிகாரம் கொடுத்தேன். மேலத்தெருப் பெண் ஒருத்தி குழாயடியில் என்னிடம், "என்ன மதினி, ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சி கோழி கெளறுன மாதிரி இருக்கு? பொறுமைசாலி நீங்க கூட அங்கன ஏதும் பெறாண்டுறீகளா?" என்று கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் குனிந்துகொண்டு சிரித்தேன்.

கடைசியாகத்தான் அந்த இரட்டைப் பிளேடு. டவுனில் வாங்கிய புது பிளேடு, அடியில் ஓரம் நறுக்கிய பழைய பிளேடு. மேலே இருப்பது தடுப்பைத் தாண்டி எழும்பி நிற்கும், அழுத்தி இழுத்தால் ஆழமாக இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை மறுநாள் காலைச் சவரத்துக்காக மூடி, மாடத்தில் வைத்தேன்.

மூட்டம் பிரிக்கிற நாட்களில் அவர் சவரம் செய்வதில்லை. அன்றைக்குக் கிளம்புகிற தூளும் சாம்பலும் வெட்டுக்காயத்தில் ஏறினால் ஆறாது. அந்த மூட்டத்தைப் பிரிக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனால் முந்தின நாள் அடித்த காற்றில் மண் ஒரு பக்கம் சரிந்து உள்ளே தீப்பிடித்துவிட்டதால், விடிவதற்குள் ஆள் வந்து அவரை எழுப்பிக் கூட்டிப் போய்விட்டான். ரேசர் மாடத்திலேயே இருந்தது. எனக்கு அந்த ஒரு விஷயம் மட்டும் மறந்துபோனது.

நீ எட்டாவதோ ஒன்பதாவதோ. உதட்டுக்கு மேலே புகை மாதிரி ஒரு கோடு, கீழே தாடையில் நாலு முடி. கூடப் படிக்கிற பயல்கள் பூனை மீசை என்று சொன்னதாக முந்தின வாரமெல்லாம் முனகிக்கொண்டிருந்தாய். அன்று லீவு. நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ மாடத்திலிருந்து ரேசரை எடுப்பதை நான் பார்த்தேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஆமாம், பார்த்தேன். "ஏய்யா, வையி அத" என்று கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கத்தினால் ஏன் கத்தினாய் என்று கேட்பாய். உன்னிடமிருந்து வாங்கிப் பிளேடை எடுத்தால், இது என்ன இரண்டு பிளேடு என்று கேட்பாய். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது, நான் அதைத்தான் யோசித்தேன். அதற்குள் நீ கீழுதட்டுக்கு அடியில் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டாய். தாடை வரைக்கும் தோல் இரண்டாகப் பிரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் ரத்தம் வந்தது. உனக்கு வலி இன்னும் தெரியவில்லை. கண்ணாடியில் மீசையை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டாவது இழுப்புக்குக் கையைத் தூக்கினாய். அந்த நேரம் உடம்பெல்லாம் கரியோடு உன் அப்பா வாசலில் நுழைந்தார். "ஏலே, கீழ போடுலே!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து உன் கையில் ஓங்கி அடித்தார். ரேசர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

உனக்கு நினைவிருப்பது அந்த அடிதான். அவர் அடித்ததால் பிளேடு ஏறியது என்று நீ இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லிவிட்டாய். பவித்ராவிடமும் சொல்லியிருக்கிறாய். ஏறினது அதற்கு முன்னால், மகனே. அவர் அடித்திருக்காவிட்டால் இரண்டாவது இழுப்பும் விழுந்திருக்கும்.

நான் உன் தாடையைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் ரேசரைப் பொறுக்கி எடுத்தார். குமிழைத் திருகினார். கதவு திறந்தது. தடித்த விரலால் மேல் பிளேடைத் தள்ளினார், கீழ் பிளேடு தெரிந்தது. என்னைப் பார்த்தார். அன்றைக்கு என்னைக் கொன்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படிய்யா ஆச்சு?" என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தாங்க. ரேசர் வச்சிருந்தான், கையில அடிச்சேன், ஏறிருச்சு" என்றார். "நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று அத்தனை நோயாளிகள் முன்னால் டாக்டர் திட்டினார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒன்பது தையல். படுத்திருந்த நீ அதைக் கேட்டாய், நம்பினாய்.

உனக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தபோது, வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவர் என்னிடம் கேட்டார்.

"எத்தன நாளா?"

"ஆறு மாசமா."

"கழுத்துல ஏறிருந்தா?"

"ஏறட்டும்னுதான்."

அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பதில் அது. அவர் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "புள்ளைக்கிட்டச் சொல்லிராத. அவனுக்கு ஒன்னைய விட்டா ஆரு இருக்கா" என்றார்.

இதைப் படித்துவிட்டு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. பன்னிரண்டாவது நாள், உனக்குத் தையல் பிரித்த மறுநாள், குழம்பு ஆறிப்போய் இருந்தது என்று என்னை அடித்தார். அதற்கப்புறமும் அடித்தார். எனக்கு வேலை கிடைத்து, உன்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்த நாள் வரைக்கும் அடித்தார். ஆனால் எவ்வளவு ஆத்திரத்திலும் அந்த ரேசரைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பொய்யை உனக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் மண்டபத்துக்கு வந்தால் தாலி கட்ட மாட்டேன் என்கிறாய். அவரைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் பாடு. கூப்பிடாமல் இருக்க என் காது ஒன்றே போதும். உன் தாடையில் இருப்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதே. அது என் கை.

அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று என்னால் சொல்ல முடியும். அடி வாங்கிக்கொண்டிருந்தவள், போக்கிடம் இல்லாதவள். உனக்கு அந்தச் சாக்கு கிடையாது. பவித்ரா உன்னை அடிக்கவில்லை. சேலை நிறத்தைச் சொன்னாள், நாலு பேர் சிரித்தார்கள். அதே மாதிரி ஒரு சிரிப்புக்குத்தான் உன் அப்பா என் காதைக் கிழித்தார். நீ அவளை வெயிலில் நிறுத்திவிட்டு, போனை அணைத்துவிட்டு, அவள் தவிப்பதைக் காதால் கேட்டுக்கொண்டு, நிதானமாகக் கழுத்தை மழித்தாய். என்னைப் போலவே, படிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. கோபம் வந்தால் அவளிடம் சொல். குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டுமென்றால் உயர்த்து, அவளும் உயர்த்தட்டும். பேச முடியாவிட்டால் எழுந்து வெளியே போய் நடந்துவிட்டு வா. எங்கிருந்து, எதற்காகக் காயம் வருகிறது என்று அவளுக்குத் தெரியாதபடி மட்டும் எதையும் செய்யாதே. நான் செய்ததால் சொல்கிறேன். அதில் கிடைக்கிற சந்தோஷம் பெரிய சந்தோஷம். ஒரு தடவை ருசித்தால் விட முடியாது. ஆறு மாதத்தில் நான் தையல் பிரித்த பிளேடிலிருந்து உன் அப்பாவின் கழுத்து வரைக்கும் வந்துவிட்டேன். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிடுவாய் என்று எனக்கு யார் உறுதி சொல்வது?

அந்தப் பெண்ணிடம் உனக்காக நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். இன்னொன்று சொல்ல மாட்டேன். அதனால் இந்தக் கடிதம் நேரே உனக்கு வராது. இன்று காலை பஸ்ஸில் நான் நரிக்குடிக்குப் போகிறேன். கடையில் கூட்டம் குறையும் வரை காத்திருந்து, இதை முதலில் பவித்ரா கையில் கொடுப்பேன். அவள் முழுக்கப் படிக்கட்டும், உன் காய்ச்சலைப் பற்றி, என்னைப் பற்றி, நாளைக்கு அவள் நுழையப் போகிற வீட்டைப் பற்றி. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னால், நிச்சயத்தை முறிக்க அவள் வீட்டு ஆட்கள் நம் வாசலுக்கு வந்து நிற்கத் தேவையில்லை. நிச்சயத் தட்டை எடுத்துக்கொண்டு நானே அவர்கள் வாசலில் போய் நிற்பேன், குற்றம் எங்கள் பக்கம் என்று நிமிர்ந்தே சொல்லுவேன். உனக்கு அனுப்பலாம் என்று அவள் சொன்னால்தான் இது தபாலில் சேரும். ஆகவே இது உன் கைக்கு வந்திருந்தால், அவள் உன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள் என்று எண்ணிவிடாதே. நீ இதைப் படிப்பதற்கு மட்டும்தான் அவள் சம்மதித்திருக்கிறாள். மற்றதை நீ போய்த்தான் கேட்க வேண்டும்.

அம்மா